நகம் இறங்காத எலும்பு

முப்பத்தொரு வருடமாக ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுத்தவர் அவர். ஆனால் எந்த வாய்க்குள்ளும் அவர் விரல் போனதில்லை. பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு நீளமான அறை உண்டு. அதுதான் அவருடைய ராஜ்ஜியம். முன்பக்கம் டாக்டர்கள் வாய்க்கு அச்செடுத்து ஒரு தட்டில் வைத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவார், மெழுகில் ஈறு செதுக்குவார், பல் அடுக்குவார், வேகவைப்பார், அரத்தால் தேய்ப்பார், கடைசியில் துணிச் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி மினுக்குவார். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு முன்பக்கம் அனுப்பிவிடுவார். எந்த முகத்தில் போய் உட்கார்ந்தது, சிரித்ததா, கடித்ததா, ஒன்றும் தெரியாது. டப்பாவின் மேல் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். வேலையிடத்தில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர்.

குடியிருப்பில் மட்டும் டாக்டர். குடிவந்த புதிதில் யாரோ "எங்க சார் வேலை?" என்று கேட்க, "பல் ஆஸ்பத்திரியில" என்றார். மறுநாளே டாக்டராகிவிட்டார். முதல் இரண்டு தடவை "அய்யோ, நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்தினார். மூன்றாவது தடவை படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார். நான்காவது தடவை மூச்சு வாங்கவில்லை, அப்போதும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எண்ணிக்கை இல்லை. நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி மட்டும், "டாக்டர், கொஞ்சம் வெங்காயம் உரிக்கிறீங்களா?" என்று சமயம் பார்த்து வாரிவிடுவார். அவர் சிரித்துக்கொண்டே உரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சங்கடமும் இருக்கும், நிறைய சுகமும் இருக்கும்.

இந்த வீட்டுக்குத்தான் நாய்க்குட்டி வந்தது. மனைவியின் தோழி வீட்டில் நாய் ஆறு குட்டி போட்டதாம். ஒன்றைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிவந்துவிட்டார். வெள்ளை வெளேரென்று இருந்ததால் மாவு என்று கூப்பிட்டார்கள். "ரெண்டு நாள் பார்ப்போம், ஒத்துவரலன்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்று கறாராகப் பேசிய பல்செட்காரர் மூன்றாம் நாளே தன் தலையணையை அதற்குக் கொடுத்துவிட்டு மடித்த போர்வையில் தலைவைத்துப் படுத்தார்.

மாவுக்கு ஏழு மாதம் ஆனபோது பால் பற்கள் எல்லாம் விழுந்து புதுப் பற்கள் வந்து நின்றன. அதன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதே அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் இழந்த பல்லுக்குப் பதில் பல் செய்தவருக்கு, இழக்காத பல்லைப் பார்ப்பது தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. இதை இப்படியே காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்.

தடுப்பூசி போடப் போனபோது கால்நடை மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டார். சின்ன வயதுப் பெண் அவர், படபடவென்று பேசுவார். தினமும் பல் தேய்த்துவிடச் சொன்னார், அதுவும் நாய்க்கான பேஸ்ட்டில், நாம் தேய்ப்பதில் அல்ல. பிறகு கடித்து மெல்லும் பொருள்களுக்கு வந்தார்.

"ரப்பர்ல வருது பாருங்க, அழுத்தினா வளையற மாதிரி, அது நல்லது. பல்லு தேய்க்கறதுக்குன்னே வர்ற குச்சியும் குடுக்கலாம். வாய்க்குள்ள முழுசா போகாத அளவுக்குப் பெருசா வாங்குங்க. கடிக்கும்போது பக்கத்துலயே இருங்க. தேஞ்சு சின்னதாயிட்டா தூக்கிப் போட்டுடுங்க, முழுங்கிடும். எலும்பு, மான் கொம்பு, குளம்பு இதெல்லாம் வேண்டவே வேண்டாம்."

"எது சரி, எது தப்புன்னு கடையில எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"ரொம்ப சிம்பிள் சார். கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க. கொஞ்சமாவது பதியணும். பதியலன்னா அது பல்லை உடைச்சிடும்."

பல்செட்காரர் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு நிற்காமல், "நானும் பல் லைன்தான் டாக்டர்" என்று ஒரு போடு போட்டார். "அப்படியா சார்! அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா!" என்று அந்தப் பெண் சிரித்தார். நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னது எல்லாம் அந்தச் சிரிப்போடு காற்றில் போயிற்று.

முழுக்கக் காற்றில் போயிற்று என்றும் சொல்ல முடியாது. நகம் என்ற சொல் மட்டும் அவர் மண்டையில் தங்கியது. ஏனென்றால் அது அவருடைய சொல். அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றியபின், இறுகிவிட்டதா என்று பார்க்க அவரும் கட்டைவிரல் நகத்தால்தான் அழுத்துவார். நகம் பதிந்தால் வேலை கெட்டது. உடைத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். கல் மாதிரி நின்று நகம் வழுக்கினால்தான் சரக்கு நல்ல சரக்கு. இதை முப்பத்தொரு வருடமாகத் தினம் பத்துத் தடவை செய்தவரிடம் போய், நகம் பதிந்தால்தான் நல்லது என்றால்? நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண் ஏதோ மாற்றிச் சொல்லுகிறது என்று மனதுக்குள் தள்ளுபடி செய்துவிட்டார்.

கடைக்குப் போனார். ரப்பர் வளையத்தை எடுத்து அழுத்தினார். நகம் புதைந்தது. "சீ, இதுவா ஒரு பொருள்?" என்று வைத்துவிட்டார். பல் தேய்க்கும் குச்சியில் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. அதையும் வைத்துவிட்டார். வெறுங்கையோடு வெளியே வந்தவர், நேராகக் கறிக்கடைக்குப் போய் மாட்டுக் கால் எலும்பு வாங்கினார்.

இனி அவருடைய கைவரிசை. எலும்பை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சுரண்டி, உலர்த்தி, மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாகான துண்டுகளாக அறுத்தார். முனைகளை அரத்தால் உருட்டினார். பல்செட் தேய்க்கும் அதே தூளைப் போட்டு, அதே துணிச் சக்கரத்தில் பிடித்து, தந்தம் என்று சொன்னால் நம்பும்படி மினுக்கினார். ஈறைக் குத்தும் கூர்முனை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலையெல்லாம். பல்செட் போட்டுக்கொண்ட யாரும் ஈறைக் குத்துகிறது என்றுதான் திரும்பி வருவார்கள். பல்லே உடைந்தது என்று ஒருவரும் வந்ததில்லை. கடைசியில் நகத்தால் அழுத்திப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. திருப்தியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கடகடவென்று வீடே அதிரக் கடித்தது. ஒரே வாரத்தில் பற்கள் இன்னும் பளிச்சென்று ஆனது உண்மை. வாசலில் கட்டிப்போட்டு அதைக் கடிக்கவிட்டபோது பார்த்தவர்கள், "எங்க டாக்டர் வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். "நானே செஞ்சது" என்றார். பிறகென்ன, குடியிருப்பில் நாய் வளர்க்கும் மற்ற நான்கு வீட்டுக்கும் செய்து கொடுத்தார். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இரண்டாம் மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடி, எதிர் வரிசையில் டியூஷன் டீச்சர், மேல்வீட்டில் தையல்காரம்மா.

தையல்காரம்மா திரைச்சீலை தைப்பவர். பெரிய ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஜன்னல் ஜன்னலாகத் தைத்துக் கொடுப்பார். தனி ஆள். ஒரு வயது நாய் ஒன்று துணை. அதன் பெயர் பட்டன். எலும்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "கடிச்சா ஒண்ணும் ஆகாதுல்லண்ணே? இவ முரட்டுத்தனமா கடிப்பா" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்லம்மா?" என்றார் பல்செட்காரர்.

அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் தையல்காரம்மா பட்டனைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அது சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒரு பக்கமாகவே மெல்லுகிறது, இன்று பார்த்தால் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. "நாளைக்கு நாய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணே. நீங்க பார்த்தா எனக்குத் தைரியம்."

அவர் குந்தி உட்கார்ந்து பட்டனின் உதட்டைத் தூக்கினார். மேல்வரிசையில் பெரிய கடைவாய்ப் பல். அதன் வெளிப்பக்கம் ஓடு பெயர்ந்த மாதிரி ஒரே சில்லாகப் பிளந்து ஈறுக்குள் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பல்லின் வடிவமும் கடியின் பாரமும் அவருக்கு மனப்பாடம். அந்த இடத்தில், அந்தச் சாய்வில், தன்னைவிடக் கெட்டியான ஒன்றை முழு பலத்தோடு கடித்தால்தான் இப்படிப் பிளக்கும். நகத்தைப் பற்றிச் சொன்ன பெண்ணின் குரல் காதுக்குள் கேட்டது.

"என்னண்ணே?"

"பல்லு உடைஞ்சிருக்கு."

"அய்யோ! எப்படிண்ணே?"

இங்கே அவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வாக்கியம்தான், ஆனால் சொல்லவில்லை. "கல்லு, கம்பி, ஏதாவது கடிச்சிருக்கும்" என்றார்.

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். போன மாதம் ஒரு ஓட்டலில் திரை மாட்டும் வேலைக்காக மூன்று நாள் காலையில் போய் இருட்டித்தான் திரும்பினாராம். பட்டனை பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அங்கே இரும்புக் கம்பி. "அதைத்தான் கடிச்சிருக்கா. வெளிய வரணும்னு கடிச்சிருக்கா. நான்தாண்ணே காரணம். வாயில்லா ஜீவனை அடைச்சுப் போட்டுட்டு வேலைதான் பெருசுன்னு போனேன் பாருங்க!" என்று அழ ஆரம்பித்தார்.

"அப்படியும் இருக்கலாம்மா" என்றார் அவர்.

அந்த அம்மா நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுதுகொண்டே படியேறினார். பல்செட்காரர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. உள்ளே வந்ததும் முதல் காரியமாக மாவின் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அதன் எலும்பைப் பிடுங்கி, துணியில் சுற்றி, அலமாரியில் தன் பழைய சட்டைகளுக்கு அடியில் வைத்தார். மற்ற மூன்று வீட்டிலும் எலும்பு இருந்தது. மூன்று நாய்களும் கடித்துக்கொண்டுதான் இருந்தன. அது தெரிந்தேதான் சாப்பிட உட்கார்ந்தார்.

"எங்க, மாவோட எலும்பைக் காணோம்?" என்றார் மனைவி.

"அழுக்காயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

பட்டனின் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மயக்கம் கொடுத்து, இரண்டு மணி நேரம் ஆனதாம். மூன்று வேர் உள்ள பல் அது, சுலபத்தில் வராது. அடுத்த மூன்று வாரம் பல்செட்காரர் மேல்வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. மேலே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் சாவியைத் தேடுகிற மாதிரி வாசலில் குனிந்துகொள்வார். வேலையிலும் மனம் ஓடவில்லை. ஒரு கிழவருக்கான பல்செட்டில் மேல் பல்லைக் கீழ் வரிசையில் அடுக்கிவிட்டு, அரை மணி நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவர், "என்ன பல்செட்காரரே, நாயோட சேர்ந்து நீங்களும் குரைக்கப் போறீங்களா?" என்று கேலி செய்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில், இன்று மூன்று வீட்டிலும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவார். கீழ்வீட்டு டிரைவர், "குட் மார்னிங் டாக்டர்!" என்பார். சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். டாக்டர் என்று கூப்பிடும் வாயிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கூசியபடியே நாள்கள் போய்க்கொண்டிருந்தன. கூச்சம் ஒரு எலும்பைக்கூடத் திரும்ப வாங்கித் தரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், பழைய துணிகளைக் கழிக்கிறேன் என்று மனைவி அலமாரியைக் குடைந்தார். துணிமூட்டை ஒன்று கீழே விழுந்து, உள்ளே இருந்த எலும்பு தரையில் உருண்டது. மாவு பாய்ந்தது. அதற்கு முன்னால் பல்செட்காரர் பாய்ந்து பிடுங்கினார். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழுக்காயிடுச்சுன்னு தூக்கிப் போட்டதா சொன்னீங்க. பளபளன்னு இருக்கு?"

அவர் எலும்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இதை ஏன் ஒளிச்சு வெச்சீங்க? இதைக் குடுக்க ஏன் இப்படிப் பதறுறீங்க?" நூலகத்தில் யார் எந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற பெண்மணி அவர். பிறகு மெதுவாக, "பட்டன் பல்லு இதனாலதான் உடைஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே நம்ம நாய்க்கிட்டேருந்து மட்டும் பிடுங்கி வெச்சுட்டீங்க. மத்த வீட்டு நாய்ங்க கடிச்சா கடிக்கட்டும்னு விட்டுட்டீங்க. அப்படித்தானே?"

முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அதுதான். தான் செய்ததை இன்னொருவர் வாயால் வரிசையாகக் கேட்டபோதுதான் அதன் அசிங்கம் முழுதாகத் தெரிந்தது. மனைவி அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

மறுநாள் காலை நாய்ச் சாமான் கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றார். கடித்து மெல்லும் பொருள் தொங்கும் வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். மான் கொம்பு வழுக்கியது, வைத்தார். நைலான் எலும்பு வழுக்கியது, அதையும் வைத்தார். ரப்பர் வளையத்தில் நகம் பதிந்து, எடுத்ததும் மெல்ல மேலெழுந்தது. வளைத்துப் பார்த்தார், வளைந்தது. ஒவ்வொரு நாயின் வாயையும் நினைத்து அளவு பார்த்தார். டியூஷன் டீச்சரின் நாய் சிறிது, டிரைவரின் நாய்க்கு வாய் அகலம். வளையம் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று எடுத்தார். "எல்லாத்தையும் நகத்தால கீறி வெக்கிறீங்களே சார், யார் வாங்குவா?" என்று கடைக்காரப் பெண் சத்தம் போட்டார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். மூன்று வாரமாக நாக்கு நுனியில் நின்ற சொல், சம்பந்தமே இல்லாத இடத்தில் சுலபமாக வந்து விழுந்தது.

கீழ்வீட்டில் டிரைவர் கதவைத் திறந்தார். எலும்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்ததாகச் சொன்னதும் அவர் பார்வை சுவருக்குப் போயிற்று. "எலும்பா? அது எங்கயோ உருண்டு போச்சு டாக்டர். சோபாவுக்கு அடியில கிடக்கும்." பல்செட்காரருக்கு மூச்சு வந்தது. எலும்பே இல்லை என்றால் எதற்கு விளக்கம்? "பரவாயில்லங்க, இது இன்னும் நல்லது" என்று ரப்பர் வளையத்தைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். இரண்டாம் மாடி ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வந்து... வேலைக்காரம்மா தெரியாம குப்பையில போட்டுட்டாங்க அங்கிள்." அங்கேயும் வளையத்தைக் கொடுத்தார், அங்கேயும் காரணம் சொல்லவில்லை. டியூஷன் டீச்சர் தினமும் நூறு பொய் கேட்கிறவர், ஆனால் சொல்லத் தெரியாதவர். "என் நாய்க்கு எலும்பு பிடிக்கலீங்க... வந்து, பிடிச்சுது... ஆனா இப்பப் பிடிக்கல" என்று திணறினார். மூன்று வீட்டிலும் எலும்பு இல்லை. தன்னைக் காப்பாற்ற ஏதோ ஒரு சக்தி வேலை செய்கிறது என்றுகூட பல்செட்காரருக்குத் தோன்றியது. மனிதனின் அற்பத்தனத்துக்கு அளவே இல்லை.

மேல்வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீல நிறத் திரைச்சீலை அறை முழுக்க விரிந்து கிடந்தது. பட்டன் அதன் ஓரத்தில் படுத்திருந்தது. இவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவந்தது. தையல்காரம்மா துணியை ஒதுக்கி நாற்காலி போட்டார். "எவ்ளோ நாளாச்சு! உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேண்ணே."

அவர் உட்காரவில்லை. "அந்த எலும்பை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா. அது... இனிமே குடுக்க வேண்டாம்."

தையல்காரம்மா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். கொஞ்சம் தயங்கினார். "அது இங்க இல்லண்ணே. உங்ககிட்ட மறைக்க வேண்டாம், சொல்லிடறேன். பல்லு பிடுங்கின அன்னைக்கே டாக்டரம்மா கேட்டாங்க, என்ன கடிக்கக் குடுக்கறீங்கன்னு. பையில இருந்த எலும்பைக் காட்டினேன். இதனாலதான் உடைஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. யார் குடுத்தாங்கன்னு கேட்டாங்க, நான் சொல்லல. வந்ததும் மூணு வீட்டுக்கும் போய் எலும்பை எடுத்துடச் சொன்னேன். மாவோட எலும்பை ஏற்கெனவே தூக்கிப் போட்டாச்சுன்னு அக்கா சொல்லியிருந்தாங்க, அதனால உங்க காதுக்கு மட்டும் போகக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டேன்."

பல்செட்காரருக்கு சோபாவுக்கு அடியில் உருண்டதும், குப்பைக்குப் போனதும், பிடித்துப் பிடிக்காமல் போனதும் இப்போது புரிந்தன. மூன்று வாரமாகக் குடியிருப்பு முழுவதும் இவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு காலையும் அந்த "குட் மார்னிங் டாக்டர்" எல்லாம் தெரிந்தேதான் சொல்லப்பட்டிருக்கிறது.

"ஏம்மா, என்கிட்ட ஏன் சொல்லல?"

"எவ்ளோ ஆசையா உங்க கையால செஞ்சு குடுத்தீங்க! அதனாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா நீங்க தாங்குவீங்களா? தெரியாம நடந்தது. தெரிஞ்சிருந்தா நீங்க குடுப்பீங்களா என்ன? பட்டனும் நல்லாயிட்டா. இதோட விடுங்கண்ணே, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

வழி அகலத் திறந்து கிடந்தது. "அய்யய்யோ, எனக்குத் தெரியாதேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா டீ போட்டுக் கொடுப்பார், இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடிப்பார், எல்லாம் முன்போல ஆகிவிடும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தும்விட்டது. பட்டன் அவர் முழங்காலில் முன்னங்காலை வைத்து நிமிர்ந்து பார்த்தது. வாய் திறந்திருந்தது. மேல்வரிசையில் பல் இருக்க வேண்டிய இடத்தில் ஈறு மட்டும் வழவழவென்று மூடியிருந்தது. அப்படிப்பட்ட ஈறை அவர் ஆயிரம் அச்சில் பார்த்திருக்கிறார். அதில் எல்லாம் அவர் பல் வைத்து நிரப்பியிருக்கிறார். இதில் வைக்க முடியாது.

"தெரியும்மா" என்றார்.

"என்னது?"

"குடுக்கும்போதே தெரிஞ்சிருக்கணும். மாவைக் காட்டப் போனப்பவே நாய் டாக்டர் சொன்னாங்க, எலும்பு கூடாது, நகம் பதியாத எதையும் குடுக்காதீங்கன்னு. எனக்குத் தெரியாத பல்லான்னு நான் காதுல போட்டுக்கல. சரி, அதைக்கூட முட்டாள்தனம்னு விட்டுடலாம். பட்டனை நீங்க கீழ தூக்கிட்டு வந்தீங்களே, உதட்டைத் தூக்கினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கம்பி இல்ல, என் எலும்புன்னு. தெரிஞ்சேதான் கல்லு, கம்பின்னு சொன்னேன். அப்புறம் எங்க வீட்டு எலும்பை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

தையல்காரம்மா இயந்திரத்தின் ஊசியில் மாட்டியிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று பல்செட்காரர் எதிர்பார்த்தார். சொல்லப்போனால், அதற்காக ஏங்கினார்.

"அன்னைக்கு நான் அழுதேனே" என்றார் கடைசியில். "நான் அடைச்சுப் போட்டதாலதான்னு தலையில அடிச்சுக்கிட்டேனே. மறுநாள் டாக்டரம்மா சொல்ற வரைக்கும் தண்ணிகூட இறங்கல எனக்கு. நான் அழுதுட்டே படியேறும்போது நீங்க கதவுகிட்ட நின்னுட்டிருந்தீங்க. அப்பத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் பார்த்துட்டு நின்னீங்க."

"ஆமாம்மா."

வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்தபடி நின்றார். இவ்வளவு அழகான மனதிடம் மன்னிப்புக் கேட்பதே இன்னொரு சுமையைக் கொடுப்பது போல இருந்தது. கையிலிருந்த ரப்பர் வளையத்தை மேசையில் வைத்தார். தையல்காரம்மா அதை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பட்டனிடம் போட்டார். அவர் கொடுத்ததைச் சோதித்துப் பார்க்காமல் இந்தக் குடியிருப்பில் இனி யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

"மூணு வீட்டுலயும் போய், 'பாவம், அவருக்குத் தெரியாது, மனசு கஷ்டப்படுவார்'னு நான்தான் சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க" என்றார் தையல்காரம்மா. குரலில் சூடே இல்லை. "நீங்களே போய்ச் சொல்லிடுங்கண்ணே. உங்களுக்காக இன்னொரு தடவை என்னால பேச முடியாது."

துணியை இழுத்து ஊசிக்கு அடியில் வைத்து மிதிக்கத் தொடங்கினார். பல்செட்காரர் படியிறங்கினார். சற்று முன்புதான் வளையத்தைத் திணித்துவிட்டுத் தப்பித்து வந்த டியூஷன் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று, மணியை அழுத்தினார்.